மலைக்காற்றில் அம்பு விடுவது எப்படி: பகடை ஆட்டம் நடத்துகிறவர்களுக்கு முழு வழிகாட்டி

போன ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இலங்கை மலைநாட்டில் அப்புத்தளைக்கு மேலே இருக்கிற எங்கள் தோட்டத்து லயத்தில் (வரிசை வீடுகளில்) கரண்ட் போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. கச்சான் காற்று அடித்த அடியில் கூரைத் தகரம் படபடக்க, இஸ்தோப்பில் உட்கார முடியாமல் உள் காம்பராவில் மெழுகுதிரி கொளுத்தி வைத்து, ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துப் பகடை உருட்டிக் கதையாக நகர்த்துகிற ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தோம். ஆட்டத்துக்குள்ளும் புயல்தான். மலை உச்சியில் நின்ற கொள்ளைக்காரத் தலைவனை, இருநூறு மீற்றர் தள்ளி நின்று, என் சித்தப்பா மகளுடைய வில்லாளி ஒரே அம்பில் சாய்த்துவிட்டாள். இருபது முகப் பகடையில் இருபதே விழுந்துவிட்டது, யார் என்ன சொல்ல முடியும்? எல்லாரும் கத்திக் கைதட்டினார்கள். அக்கா மகன் மட்டும், அவனுக்குப் பன்னிரண்டு வயது, கச்சானை உடைத்து வாயில் போட்டுக்கொண்டே கேட்டான்: “மாமா, இந்தக் காத்துல அம்மாவோட குடையே திரும்பிக்கிச்சு. அம்பு மட்டும் எப்படி நேராப் போச்சு?”

(வெளியூர்க்காரர்களுக்கு: எங்களுக்குக் கச்சான் என்றால் மேற்கே இருந்து வருகிற காற்று, நிலக்கடலையும் அதே கச்சான்தான். அன்றைக்கு இரண்டுமே இருந்தன.)

அவனுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. விதிப் புத்தகங்களைப் புரட்டினால் அங்கேயும் பெரிதாக ஒன்றும் இல்லை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்கிற ஆட்டத்தின் 2014 பதிப்பில் பலத்த காற்று என்றால் வில்லாளி இரண்டு தடவை உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டும், காதால் கேட்டுக் கண்டுபிடிப்பதும் அதே மாதிரி, அவ்வளவுதான். பத்து மீற்றரில் நிற்கிற ஆளுக்கும் நூறு மீற்றரில் நிற்கிற ஆளுக்கும் ஒரே தண்டனை. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதுமில்லை. இப்படி வைத்தால் வில்லாளி ஆடுகிற பிள்ளைக்குக் காற்று ஒரு அபராதம், வேறொன்றும் இல்லை. காற்று வந்த அன்றைக்கு அந்தப் பிள்ளை வில்லைக் கீழே வைத்துவிட்டு வாளைத் தூக்கிக்கொண்டு ஓடும்.

அதற்குப் பிறகு ஒரு வருஷமாக அடித்துத் திருத்தி நாங்கள் ஆடுகிற முறை இது. இருபது முகப் பகடை உருட்டுகிற எந்த ஆட்டத்திலும் பொருத்தலாம். இதில் எனக்குப் பிடிவாதமான விஷயம் ஒன்றுதான்: பகடை உருட்டுவதற்கு முன்னால் ஆடுகிறவர் காற்றைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும்.

படி 1: முதலில் மலையை வரையுங்கள்

காற்றுக்குப் பகடை போட்டு ஆரம்பிக்காதீர்கள். கொப்பியில் மேப் வரைந்து, பெரிய மலைத்தொடர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஒரு கோடு போடுங்கள். மீதி பாதி தானாக வரும்.

நம் ஊரையே பாருங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. கடலில் இருந்து வருகிற ஈரமெல்லாம் கினிகத்தேனை, வட்டவளை, மஸ்கெலியா, அட்டன் பக்கம் மழையாகக் கொட்டிவிடும். மலையைத் தாண்டி வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் இறங்குகிறபோது அதே காற்று காய்ந்து, சூடாகி, வெறும் வேகமாக வந்து விழும். நானுஓயாவில் ரயில் ஏறும்போது ஸ்வெட்டரும் குடையும், பட்டிப்பொலைக்கும் ஒஹியாவுக்கும் நடுவில் சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியே வந்தால் கண் கூசுகிற வெயில், இதை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவம், அப்போது பதுளைப் பக்கம் நனைய, மேற்குப் பக்கம் வெயில் காயும். இடையில் வருகிற ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் காலையில் காற்றே இருக்காது, பின்னேரம் இடி மின்னலோடு கொட்டும்.

இதை உங்கள் கற்பனை நாட்டுக்கு அப்படியே தூக்கிப் போடலாம். எங்கள் நாட்டில் நீலக்கொடி மலை என்று ஒரு தொடர் இருக்கிறது. மேற்கே இருக்கிற வில்லாளிகள் நாண் நனையாமல் காப்பதில் கெட்டிக்காரர்கள், கிழக்கே இருப்பவர்கள் காற்றை வாசிப்பதில் கெட்டிக்காரர்கள். இரண்டு கூட்டமும் மற்றவர்களை வில் பிடிக்கத் தெரியாதவர்கள் என்றுதான் பேசிக்கொள்ளும். ஒரு கோடு போட்டதுக்கு எனக்குக் கிடைத்த கதை இது.

காற்றுகளுக்குப் பெயர் வைக்கும்போது ஆங்கிலத்தைத் தேட வேண்டாம். கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், தெற்கிலிருந்து தென்றல், மேற்கிலிருந்து கோடை, வடக்கிலிருந்து வாடை. நான்கு திசைக்கும் பெயர் தயாராக இருக்கிறது. “வாடை எழும்பிவிட்டது” என்று சொன்னாலே எங்கள் ஆட்டத்தில் வடக்குச் சுவரில் நிற்கிறவர்கள் கேடயத்தைத் தூக்குவார்கள், ஏனென்றால் எதிரியின் அம்பு அன்றைக்குக் கூடத் தூரம் வரும்.

இன்னொன்று, நாளுக்குள்ளேயே காற்று மாறும். வெயில் ஏற ஏற மலைச்சரிவு சூடாகி, காற்று பள்ளத்திலிருந்து மேலே ஏறும். பொழுது சாய்ந்ததும் குளிர்ந்த காற்று கனமாகி மேலிருந்து பள்ளத்துக்கு வடியும். லயத்தில் அடுப்புப் புகை போகிற திசையைக் காலையிலும் இரவிலும் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. பகல் சண்டை என்றால் காற்று மேல் நோக்கி, இரவுச் சண்டை என்றால் கீழ் நோக்கி. பெரிய பருவக்காற்று அடிக்காத நாளுக்கு இது போதும்.

படி 2: வேகத்தை எண்ணாகச் சொல்லாதீர்கள், கொடியில் காயப்போட்ட துணியாகச் சொல்லுங்கள்

பியூஃபோர்ட் என்ற கடற்படைக்காரர் 1805-இல் காற்றைப் பார்வையாலேயே அளக்க ஓர் அளவுகோல் வைத்தார். பின்னாளில் நிலத்துக்கும் பொருத்திய வடிவத்தில், மணிக்கு 12 முதல் 19 கிலோமீற்றர் என்றால் இலையும் குச்சியும் ஓயாமல் அசையும், 39-க்கு மேல் போனால் குடை பிடிப்பது கஷ்டம், இப்படி. அதில் பதின்மூன்று படி. நமக்கு ஐந்து போதும்.

பூச்சியம்: புகை நேராக மேலே போகிறது. ஒன்று, ஏறத்தாழ மணிக்கு 10 கிலோமீற்றர்: முகத்தில் படுகிறது, கொடியில் சேலை முந்தானை மட்டும் ஆடுகிறது. இரண்டு, 20 பக்கம்: காய்ந்த கொழுந்துச் சாக்கு நிலத்தில் உருளும், தூசி எழும்பும். மூன்று, 35 பக்கம்: சின்ன மரம் ஆடும், கொடியில் துணி படுக்கையாக நிற்கும், கிளிப் போடாதது அடுத்த லயத்துக்குப் போய்விடும். நான்கு, 50-க்கு மேல்: பெரிய சவுக்கு மரம் முழுசாக வளையும், எதிர்த்து நடக்க உடம்பைச் சாய்க்க வேண்டும், கூரைக்குக் கல் வைக்காதவர்கள் வருத்தப்படுவார்கள்.

ஆட்டத்தில் நான் “மூன்றாம் காற்று” என்று வாய்விட்டுச் சொல்வதே இல்லை. “கொடியில துணி படுக்கையா நிக்குது” என்பேன். அவர்கள்தான் எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் திட்டுவார்கள், மூன்றாம் வாரம் பழகிவிடும்.

படி 3: தூரம்தான் எல்லாம்

இதை மட்டும் பொறுமையாகப் படியுங்கள். பெரும்பாலான வீட்டு விதிகள் இங்கேதான் சறுக்குகின்றன.

காற்று அம்பைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போகிறது என்றுதான் எல்லாரும் நினைப்போம். நடப்பது வேறு. பின்னால் இறகு இருப்பதால் அம்பு, கூரை மேல் திசை காட்டுகிற காற்றாடிச் சேவல் மாதிரி மூக்கைக் காற்று வருகிற பக்கம் லேசாகத் திருப்பிக்கொள்ளும். அப்புறம் அதன் வேகத்தைக் குறைக்கிற இழுவை நேர் பின்னால் இழுக்காமல் கொஞ்சம் சாய்வாக இழுக்கும், விலகல் அதிலிருந்து வருகிறது. கணக்கும் சுலபம்: காற்றே இல்லாத வெற்றிடத்தில் அம்பு போய்ச்சேர எவ்வளவு நேரம் ஆகுமோ, அதைவிட நிஜத்தில் எவ்வளவு தாமதமாகிறதோ, அந்தத் தாமதத்தைப் பக்கக்காற்றின் வேகத்தால் பெருக்க வேண்டும். தூரம் கூடக்கூடத் தாமதம் வேகமாகக் கூடும். தூரம் இரட்டித்தால் விலகல் ஏறத்தாழ நான்கு மடங்கு.

மரத்தண்டும் அகலமான இறகும் உள்ள அம்பு, விநாடிக்கு 55 மீற்றர் வேகத்தில் புறப்படுகிறது, இரண்டாம் காற்று குறுக்கே அடிக்கிறது என்று வைத்துக் கொப்பியில் தோராயமாகப் போட்டுப் பார்த்தேன். 20 மீற்றரில் விலகல் ஐந்தாறு சென்ரிமீற்றர், அதாவது நெஞ்சுக்குக் குறி வைத்தால் நெஞ்சிலேயே படும். 40 மீற்றரில் ஒரு சாண். 70 மீற்றரில் அரை மீற்றரைத் தாண்டிவிடும், ஒரு ஆளின் உடம்பு அகலமே அவ்வளவுதான், அம்பு அவன் தோளுக்கு வெளியே போய்விடும். இதே 70 மீற்றரில்தான் ஒலிம்பிக் வில்வித்தைக்காரர்களும் எய்கிறார்கள். மெல்லிய கார்பன் அம்பு என்பதால் விலகல் பாதிக்கும் குறைவு, ஆனால் அவர்களுக்குப் பத்துப் புள்ளி வட்டம் 12.2 சென்ரிமீற்றர் மட்டுமே. அதனால்தான் ஒவ்வொரு இலக்குக்கும் மேலே ஒரு குட்டிக் கொடி பறக்கும்.

சரி, விதி இது (கழிவு என்றால் பகடையில் விழுந்த எண்ணிலிருந்து கழிப்பது):

- கிட்ட, 25 மீற்றருக்குள்: காற்றுக்குக் கழிவே இல்லை. நான்காம் காற்றில் மட்டும் 2 கழியுங்கள், அதுவும் அம்புக்காக இல்லை, வில் பிடித்த கை ஆடுவதற்காக.
- நடுத்தூரம், 50 வரை: காற்றின் எண் எவ்வளவோ அவ்வளவு கழிவு.
- எட்டம், 100 வரை: காற்றின் எண் இரண்டு மடங்கு.
- அதற்கும் மேலே, வானம் பார்த்து எய்வது: இரண்டாம் காற்றுக்கு மேல் தனி ஆளைக் குறி வைக்கவே முடியாது. கூட்டத்தின் மேல் பொழியலாம்.

வானம் பார்த்து எய்கிற அம்பு ஐம்பது மீற்றருக்கும் மேலே ஏறும். அங்கே அடிக்கிற காற்று கீழே அடிக்கிற காற்று இல்லை. பள்ளத்தில் புகை நேராகப் போகும், அதே நேரம் உச்சியில் மேகம் ஓடிக்கொண்டிருக்கும், நாம் தினம் பார்ப்பதுதானே. கீழே பூச்சியம், மேலே மூன்று என்று வைத்தால், நிமிர்ந்து மேகத்தைப் பார்க்கிற வில்லாளி மட்டுமே தப்பிப்பாள்.

படி 4: திசை

குறுக்கே வந்தால் முழுக் கழிவு. சாய்வாக வந்தால் பாதி. (நிஜத்தில் முக்காலுக்குக் கொஞ்சம் கீழே. இரவு பதினொரு மணிக்கு மெழுகுதிரி வெளிச்சத்தில் யார் 0.7 ஆல் பெருக்குவது? பாதி.) நேர் எதிரே அல்லது நேர் பின்னே வந்தால், 100 மீற்றருக்குள் 1 மட்டும் கழியுங்கள், எதிர்க்காற்றில் அம்பு கொஞ்சம் கீழே படும், பின்காற்றில் கொஞ்சம் மேலே, அவ்வளவே.

ஆனால் வானம் பார்த்து எய்யும்போது கதை தலைகீழ். எதிர்க்காற்றின் ஒவ்வொரு படிக்கும் எட்டும் தூரத்தில் 20 மீற்றர் குறையுங்கள், பின்காற்றுக்கு 10 கூட்டுங்கள். இந்த எண்கள் ஆட்டத்துக்காக நான் வைத்தவை, ஆனால் இதை வைத்துப் போரே முடிந்திருக்கிறது. 1461 மார்ச் 29, இங்கிலாந்தில் டவுடன் என்ற இடம். லங்காஸ்டர் படையின் முகத்துக்கு நேரே பனிப்பொழிவும் காற்றும். யோர்க் வில்லாளிகள் காற்றை முதுகில் வைத்து ஒரு சரம் விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டார்கள். பனியில் ஒன்றும் தெரியாமல் லங்காஸ்டர்காரர்கள் திருப்பி எய்ய, அம்பெல்லாம் முன்னாலேயே விழுந்தன. அந்த அம்புகளையே பொறுக்கி அவர்கள் மேல் திருப்பி விட்டார்கள் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். இப்படி ஒரு காட்சி உங்கள் ஆட்டத்தில் வர வேண்டுமென்றால் எட்டும் தூரம் மாறுகிற விதி கட்டாயம் வேண்டும்.

படி 5: காற்று ஓய்கிற நேரம்

ஒரே சீராக அடிக்கிற காற்று நல்ல வில்லாளிக்கு எதிரி இல்லை. அளவு பார்த்துக் குறியைத் தள்ளி வைத்தால் முடிந்தது. ஆளைக் கொல்வது விட்டுவிட்டு அடிக்கிற காற்று. அப்புத்தளையில் கடைத்தெருவைக் கடந்து பாருங்கள், ஒரு கட்டிடத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் இருக்கிற சந்தைத் தாண்டும்போது மட்டும் பளாரென்று ஒரு அறை விழும்.

ஒவ்வொரு சுற்றிலும் ஆறுமுகப் பகடை ஒன்றை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி உருட்டுங்கள். 1 விழுந்தால் காற்று ஒரு படி இறங்குகிறது, 6 விழுந்தால் ஒரு படி ஏறுகிறது, மற்றதெல்லாம் அப்படியே. மலை இடுக்கு, கணவாய், பாறைச் சந்து என்றால் 1-2 இறங்கும், 5-6 ஏறும்.

இப்போது வில்லாளிக்கு இரண்டு வழி. ஒன்று, குறியைத் தள்ளி வைப்பது. எந்தப் பக்கம், எவ்வளவு என்று வாயால் சொல்ல வேண்டும்: “அவனுக்கு இடது பக்கம் ஒரு ஆள் அகலம் தள்ளி, அந்தப் பாறை விளிம்பைப் பார்த்து விடுறேன்.” பக்கம் சரியாகவும் அளவு ஏறத்தாழ சரியாகவும் இருந்தால் கழிவில் பாதி போய்விடும். பக்கம் தப்பினால் கழிவு இரட்டிப்பு. இதற்குத் திறமைப் பகடை கேட்காதீர்கள், கேட்டால் எல்லாரும் பகடையைத்தான் பார்ப்பார்கள், காற்றைப் பார்க்க மாட்டார்கள். இரண்டாவது வழி, ஓய்வதற்காகக் காத்திருப்பது. அம்பைத் தொடுத்து, நாணை இழுக்காமல் நிற்க வேண்டும். இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்றால் விடாதீர்கள். போர் வில்லை இழுப்பதே ஒரு மூட்டை அரிசியைத் தூக்குகிற மாதிரி, அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு எத்தனை விநாடி நிற்பது? ஒரு சுற்றுக்கு மேல் பிடித்தால் கழிவு 3. ஒலிம்பிக்கில் மாறிமாறி எய்கிற சுற்றில் ஒரு அம்புக்கு 20 விநாடிதான், அதற்குள் காற்று ஓய்ந்தால் அதிர்ஷ்டம்.

காற்றைப் படிக்க மூன்று இடம் பார்க்கச் சொல்லிக் கொடுங்கள்: நான் நிற்கிற இடம், நடுப் பள்ளம், எதிரி நிற்கிற இடம். சுவருக்குப் பின்னால் நிற்கிறவளுக்குத் தலைமயிர் கூட அசையாது, அவளுடைய அம்பு சுவரைத் தாண்டியதும் காற்றில் மாட்டும். இது தெரியாமல் எங்கள் சித்தப்பா மகள் ஒரு முழு இரவு தோற்றாள். ஸ்டோர் கட்டிட மறைவில் நின்று “காத்தே இல்லையேண்ணே” என்று ஏழு அம்பை வீணாக்கினாள். எதிர் மலையில் யூக்கலிப்டஸ் மரம் கூத்தாடிக்கொண்டிருப்பதை நான் நான்கு தடவை சொல்லிவிட்டேன்.

இன்னொரு தடயமும் உண்டு. பலத்த குறுக்குக் காற்றில் போன அம்பு குத்தி நிற்கும்போது வால் காற்று போகிற பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். சண்டை முடிந்து மறுநாள் போய்ப் பார்க்கிறவர்கள், எய்த நேரத்தில் காற்று எங்கேயிருந்து வந்தது, அதனால் அது பகலா இரவா என்று கூடக் கண்டுபிடிக்கலாம். ஒரு கொலைக் கதையை இதை வைத்தே ஓட்டினோம்.

படி 6: மழை

மழைத்துளி அம்பை அடித்துக் கீழே தள்ளும் என்று சிலர் விதி எழுதுகிறார்கள். ஒன்றரை விநாடி பறக்கிற மெல்லிய குச்சியை எத்தனை துளி தொடும்? பறக்கிற அம்புக்கு மழை பெரிய விஷயமில்லை. மழை தாக்குவது வில்லாளியின் கையையும் கண்ணையும் சாமானையும். அதனால் மழைக்கு ஒரே தடவை கழிவு போட்டு முடிக்காமல், நேரம் ஆக ஆகச் சாமான் கெடுகிற மாதிரி வையுங்கள். எங்களுடையது இப்படி.

முதலில் நாண். சணலோ வேறு நாரோ திரித்த நாண் தண்ணீர் குடித்துக் கனக்கும், மெழுகு இல்லாவிட்டால் சீக்கிரம் கெடும். தேன்மெழுகு பூசியிருந்தால் ஒரு மழை தாங்கும், பூசாவிட்டால் கால் மணி நேரத்தில் 2 கழிவு. 1346-இல் கிரேசிப் போரில் ஜெனோவாக்காரர்களின் குறுக்குவில் நாண் நனைந்து போனதாகப் பதிவு இருக்கிறது. கைவில்காரன் நாணைக் கழற்றித் தொப்பிக்குள் வைத்துக்கொள்ளலாம், குறுக்குவில்காரனுக்கு அவ்வளவு சுலபமாக முடியாது. ஆகவே “மழை வருது, நாணைக் கழற்றுறேன்” என்று முன்னாடியே சொல்கிற பிள்ளைக்கு மழைக் கழிவு கிடையாது, பதிலுக்கு, சண்டை திடீரென்று வெடித்தால் நாணேற்ற ஒரு சுற்று போகும். எங்கள் மேசையில் அதிகம் சண்டை வந்த விதி இதுதான், அதிகம் ரசித்ததும் இதுதான்.

அடுத்தது இறகு. நனைந்தால் தண்டோடு ஒட்டிப் படுத்துவிடும், அம்பு வாலாட்டிக்கொண்டு போகும். 50 மீற்றருக்கு மேல் 2 கழிவு. அம்பறாத்தூணிக்கு மூடி போட்டவர்களுக்குக் கிடையாது. கொழுந்து பறிக்கப் போகிற அம்மாமார் நனையாமல் இருக்க இடுப்பில் படங்கு (முரட்டு விரிப்பு) கட்டுவதைப் பார்த்து, எங்கள் நாட்டு வில்லாளிகளும் அம்பறாத்தூணிக்குப் படங்கு கட்டுகிறார்கள்.

கடைசியாக வில். ஒரே மரத்தில் செதுக்கியது ஓரளவு பொறுக்கும். கொம்பும் நரம்பும் தோல் பசையும் சேர்த்து ஒட்டிய கூட்டு வில்லுக்கு ஈரம் விஷம், பசை இளகும். நீலக்கொடியின் மேற்குப் பக்கம் மே மாதத்தில் கூட்டு வில்லோடு போகிற வெளிநாட்டு வீரன், உறை வாங்காவிட்டால், மூன்றாம் நாள் வெறும் குச்சியோடு நிற்பான். எங்கள் முதல் ஆட்டத்து வில்லன் அப்படித்தான் மாட்டினான், நான் திட்டமே போடவில்லை, பிள்ளைகள் அவனை மழைக்குள் நடக்க வைத்தார்கள்.

படி 7: பனி

பனிமூட்டம் இறங்கினால் தெரிகிற தூரம்தான் எய்கிற தூரம். நுவரெலியா ரோட்டில் முன்னால் போகிற பஸ்ஸின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிகிற நாட்களை நினைத்துக்கொள்ளுங்கள்: 20 மீற்றர். அதற்கு மேல் சத்தத்தைக் கேட்டுத்தான் விட வேண்டும்.

இதில் இரண்டு நுணுக்கம். பனியில் எல்லாமே இருக்கிற தூரத்தைவிடத் தள்ளித் தெரியும், அதனால் புதிய வில்லாளி தலைக்கு மேலே விடுவான். முதல் அம்புக்கு 3 கழிவு, தப்பிய பிறகு திருத்திக்கொள்ளலாம். இரண்டாவது, பனி அப்படியே உட்கார்ந்திருந்தால் காற்று இல்லை என்று அர்த்தம், கணவாயில் பனி ஓடிக்கொண்டிருந்தால் காற்றே கண்ணுக்குத் தெரிகிறது என்று அர்த்தம். கொடியும் வேண்டாம், மரமும் வேண்டாம், பனி போகிற பக்கம்தான் அம்பும் போகும். ஓடுகிற பனி நடுவில் கிழிந்து எதிரி இரண்டு விநாடி தெரிந்து மறைகிற காட்சியை ஒரு தடவை வைத்துப் பாருங்கள்.

உறைபனி பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. தை மாதக் காலையில் நுவரெலியாவில் புல் வெள்ளையாக இருக்கும்போது விரல் மரத்துப்போகும், நாணை விடுவது சுத்தமாக வராது. கையைச் சூடாக்காதவருக்கு 2 கழிவு. ஒரு பிளேன்டி (பால் இல்லாத தேநீர்) குடித்தால் சரியாகிவிடும் என்று எங்கள் மேசையில் தீர்மானம் போட்டிருக்கிறோம்.

படி 8: சரிவும் உயரமும் நெருப்பும்

இது காலநிலை இல்லை, ஆனாலும் மலையில் ஆடினால் தவிர்க்க முடியாது. மேலே பார்த்து எய்தாலும் கீழே பார்த்து எய்தாலும், கண்ணுக்குத் தெரிகிற தூரத்தை வைத்துக் குறி பார்த்தால் அம்பு உயரத்தான் போகும். கணக்கு படுக்கைத் தூரத்துக்குத்தான். 30 பாகைச் சரிவில் 70 மீற்றர் என்பது ஏறத்தாழ 60 மீற்றர். சமவெளிக்காரனுக்கு 2 கழிவு, மலைக்காரிக்கு இல்லை.

நுவரெலியா 1868 மீற்றர் உயரம், அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. அம்புக்கு இழுவை குறையும், கொஞ்சம் கூடத் தூரம் போகும், அதே வேகக் காற்று கொஞ்சம் குறைவாகத் தள்ளும். உச்சிகளில் எட்டும் தூரத்துக்கு 10 மீற்றர் கூட்டிவிட்டு மறந்துவிடுங்கள்.

நெருப்பு அம்பு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். கச்சான் காலத்தில் ஊவாப் பக்கத்து பத்தனைப் புல் (மலைப் புல்வெளி) காய்ந்து கிடக்கும், ஒரு பொறி போதும், மலையே எரியும். எதிர்க்காற்றில் நெருப்பு அம்பு விட்டால், பட்டதோ தப்பியதோ, அடுத்த சுற்றிலிருந்து நெருப்பு எய்தவரைப் பார்த்து வரும். சுற்றுக்குக் காற்றின் எண் எவ்வளவோ அத்தனை பத்து மீற்றர்.

எல்லாம் சேர்த்து ஒரு அம்பு

கணவாய். எதிரே 60 மீற்றரில் ஊதுகொம்புக்காரன், அவன் ஊதினால் படை இறங்கும். அவனைப் படவைக்க 12 வேண்டும். நான் சொன்னது: “வலது பக்கமிருந்து பனி ஓடுது. அவன் தோள் துண்டு படுக்கையா நிக்குது. உன் பக்கம் பாறை மறைவு, காத்து படலை.” சித்தப்பா மகள் கொஞ்ச நேரம் மேப்பைப் பார்த்தாள். மூன்றாம் காற்று, குறுக்கே, எட்டம், கழிவு 6 என்று அவளே சொன்னாள். “நான் நிக்கிற இடத்தை நம்ப மாட்டேன்ணே, அவன் துண்டைத்தான் நம்புறேன். வலது பக்கம் ஒரு ஆள் தள்ளிக் குறி வைக்கிறேன். இந்தச் சுற்று விட மாட்டேன், தொடுத்துட்டு நிக்கிறேன்.” காற்றுப் பகடையில் 4, மாற்றமில்லை. அவன் கொம்பை எடுத்துவிட்டான். அடுத்த பகடை 2. கணவாய் என்பதால் ஒரு படி இறங்கியது, துண்டு தொய்ந்தது. கழிவு 4, குறி தள்ளியதால் 2. உருட்டினாள், 14. கழித்து 12, பட்டது. கொம்பு பாதி ஊதி நின்றது.

போன ஆடியில் விழுந்த அந்த இருபதைவிட இந்தப் பதினான்குக்குத்தான் அதிகம் கத்தினார்கள்.

மந்திரம் கேட்பார்கள்

கேட்காமல் இருக்க மாட்டார்கள். மாசியில் காமன் கூத்து பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, தென்றலையே தேராக ஓட்டுகிற மன்மதனைத் தெரியும். அருச்சுனன் தபசு பார்த்தவர்களுக்கு அவனுடைய அஸ்திரங்களெல்லாம் அத்துப்படி, வாயு அஸ்திரம் கேட்பார்கள், வருண அஸ்திரம் கேட்பார்கள். கொடுங்கள், ஆனால் காற்றை அழிக்கிற மந்திரம் கொடுக்காதீர்கள், மேலே இருக்கிற எட்டுப் படியும் குப்பைக்குப் போய்விடும். எங்கள் வாயு அஸ்திரம் காற்றின் திசையை மட்டும் திருப்பும், அதுவும் ஒரே சுற்றுக்கு, அந்தக் கணவாயில் நிற்கிற எல்லாருக்கும் சேர்த்து. போன வாரம் அக்கா மகன் அதை எதிர்க்காற்றில் பயன்படுத்தினான். முதுகுப் பக்கம் காற்று வந்தது, அவனுடைய அம்பு நன்றாகவே போனது. எதிர்ப்பக்கம் பத்தனைப் புல்லுக்கு யாரோ நெருப்பு வைத்திருந்ததும், அது அதுவரை எங்களைப் பார்த்து வந்துகொண்டிருந்ததும், இப்போது திரும்பி எங்கள் கோவேறு கழுதைகளைக் கட்டிப்போட்ட பக்கம் போவதும் அடுத்த சுற்றில்தான் அவனுக்குத் தெரிந்தது.